சாப்பிட்டுத்தானே போட்டேன்? வலி மாத்திரை வயிற்றுக்குள் செய்யும் வேலை

காரைக்குடியில் ஒரு மருந்துக் கடையில் கவுண்ட்டருக்கு உள்பக்கம் நிற்பவன் நான். ஒரு நாளில் அதிகம் காதில் விழும் வார்த்தை "மூட்டுவலிக்கு ஒரு மாத்திரை குடுங்க" என்பதுதான். அதே ஆள் நாலைந்து நாள் கழித்து வந்து, "வயிறு எரியுது, கேஸ் மாத்திரை இருக்கா?" என்பார். முதலில் வாங்கியதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சொன்னால் உடனே பதில் வரும்: "அதெல்லாம் இல்ல, சாப்பிட்டுத்தானே போட்டேன்." இன்னும் கொஞ்சம் பேசினால் பழி சமையல்கட்டுக்குப் போய்விடும். "நம்ம ஊர்க் காரம் அப்படி, என்ன செய்ய!"

முதல் பதிலில் கால்வாசி உண்மை இருக்கிறது. இரண்டாவதில் அதுகூட இல்லை. ஏன் என்று புரிய, அந்த மாத்திரை உள்ளே போய் என்ன செய்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

எந்த மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம்?

நாம் "வலி மாத்திரை" என்று ஒரே பெயரில் அழைப்பது உண்மையில் இரண்டு குடும்பம். ஒன்று பாராசிட்டமால். காய்ச்சலையும் வலியையும் குறைக்கும், வீக்கத்தை அவ்வளவாகத் தொடாது. வழக்கமான அளவில் வயிற்றைப் புண்ணாக்குவதும் இல்லை.

இன்னொரு குடும்பம்தான் இந்தக் கட்டுரையின் கதாநாயகன், அல்லது வில்லன். இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக், அசிக்ளோஃபினாக், நாப்ராக்சன், மாதவிடாய் வலிக்குப் போடும் மெஃபினமிக் அமிலம், எல்லோருக்கும் மூத்த ஆஸ்பிரின் எல்லாம் இதில் சேரும். மருத்துவர்கள் இவற்றை என்செய்டு என்பார்கள். ஸ்டீராய்டு வகையைச் சேராத, ஆனால் அழற்சியைக் குறைக்கும் மருந்து என்று பொருள். அழற்சி என்றால் அடிபட்ட இடம் சிவந்து, சூடாகி, வீங்கி, வலிக்கிறதே, அது.

இவற்றில் டைக்ளோஃபினாக் சட்டப்படி மருத்துவர் சீட்டு இருந்தால்தான் கொடுக்க வேண்டிய மருந்து. நடைமுறையில் கடலை மிட்டாய் போலக் கேட்கிறார்கள். கொடுக்கிற கடைகளும் இருக்கின்றன. எங்கள் தொழிலின் மேல் இருக்கும் குறை இது, மறைக்க ஒன்றுமில்லை.

வயிறு தன்னையே ஏன் தின்றுவிடுவதில்லை?

உப்புக்கண்டத்தை வறுத்துத் தின்கிறோம். கல் மாதிரி காய்ந்த கறி. அதையும் இரைப்பை கரைத்துவிடுகிறது. காரணம், அங்கே சுரக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம். வெறும் வயிற்றில் அதன் புளிப்பு எலுமிச்சைச் சாற்றையும் மிஞ்சும். சரி, ஆட்டுக்கறியைக் கரைக்கும் அமிலம், அதே கறியால் ஆன இரைப்பையை ஏன் கரைப்பதில்லை?

செட்டிநாட்டு வீட்டுச் சுவரைக் கையால் தடவிப் பார்த்திருப்பீர்கள். நூறு வருடம் ஆன சுவர் கண்ணாடி போல வழுக்கும். வெறும் செங்கல்லாக இருந்தால் எத்தனை ஐப்பசி மழையைத் தாங்கியிருக்கும்? சுண்ணாம்பை ஊறவைத்து, அரைத்து, கடுக்காய்த் தண்ணீர் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பூச்சு ஏற்றி, கடைசிப் பூச்சில் முட்டை வெள்ளைக்கருவும் கலந்து தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். சுவரைக் காப்பது அந்தப் பூச்சு.

இரைப்பையின் உள்சுவரிலும் அப்படிப் பூச்சு உண்டு. மேலே வழவழப்பான சளிப்படலம். அந்தப் படலத்துக்குள் பைகார்பனேட் என்ற உப்பு ஊறிக்கொண்டே இருக்கும். இது நமக்குப் புதிய சரக்கல்ல, அடுப்படியில் இருக்கும் ஆப்பசோடாவின் சொந்தக்காரன்தான். அமிலம் படலத்துக்குள் இறங்கி வர வர, பைகார்பனேட் அதன் புளிப்பை முறித்துவிடும். படலத்துக்குக் கீழே இருக்கும் செல்கள் சில நாளுக்கு ஒரு முறை உதிர்ந்து, புதியவை வந்துவிடும். இவ்வளவுக்கும் சாமான் கொண்டு வந்து கொடுப்பது, சுவருக்குள் ஓடும் ரத்தம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வீட்டுப் பூச்சைப் போல இது ஒரு தடவை பூசிவிட்டுப் போகிற வேலை அல்ல. அமிலம் தினமும் அரிக்கும், உடம்பு தினமும் பூசும். அரிப்பைப் பற்றிக் காரைக்குடிக்காரர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. அழகப்பச் செட்டியார் நிலம் கொடுத்து, 1948இல் நேரு அடிக்கல் நாட்டிய சிக்ரி ஆய்வகத்தில், இரும்பு துருப்பிடிப்பதை எப்படித் தடுப்பது என்பதையும் வருடக்கணக்காக ஆராய்கிறார்கள். எந்தப் பூச்சும் பராமரிப்பு இல்லாமல் நிற்காது என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்வார்கள்.

ஆக, இதுவரை பார்த்தது: இரைப்பைக்குள் கடுமையான அமிலம் இருக்கிறது. அதிலிருந்து சுவரைக் காப்பது சளிப்படலம், பைகார்பனேட், புதிது புதிதாக வரும் செல்கள், ரத்த ஓட்டம். நான்கும் ஓயாமல் நடக்கும் வேலை.

வீட்டைப் பார்த்துக்கொள்பவரும் விசேஷத்துக்கு வருபவர்களும்

அந்த வேலையை நடத்துவது யார்? பங்காளிகள் எல்லாம் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, ஊரில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருப்பார். மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மாற்றுவார். வளவில் தேங்கும் தண்ணீரைத் தள்ளிவிடுவார். சுவரிடுக்கில் முளைக்கும் அரசங்கன்றைச் சின்னதாக இருக்கும்போதே பிடுங்கிவிடுவார். அவர் இருப்பதே வெளியில் தெரியாது. ஆனால் அவர் ஒரு வருடம் இல்லாவிட்டால் வீடு காட்டிக்கொடுத்துவிடும்.

இரைப்பையில் அவருடைய உத்தரவுச் சீட்டுக்குப் பெயர் புரோஸ்டாகிளாண்டின். செல்கள் தங்களுக்குள் அனுப்பிக்கொள்ளும் ஒரு வேதிச் செய்தி. "சளி சுரக்கட்டும், பைகார்பனேட் வரட்டும், ரத்தம் நன்றாக ஓடட்டும், அமிலம் கொஞ்சம் குறையட்டும்" என்று அது சொல்லிக்கொண்டே இருக்கும். இந்தச் சீட்டை எழுதித்தரும் நொதியின் பெயர் காக்ஸ். நொதி என்பது உடம்பில் ஒரு வேதிமாற்றத்தை வேகமாக நடத்தித்தரும் புரதம்.

சிக்கல் இங்கேதான் வருகிறது. அடிபட்ட முழங்காலில் வலியையும் வீக்கத்தையும் கூட்டுவதும் இதே புரோஸ்டாகிளாண்டின் கூட்டம்தான். வயிற்றில் காவல், முழங்காலில் கலாட்டா.

காக்ஸில் இரண்டு வகை உண்டு. முதலாம் காக்ஸ், மேலே சொன்ன வீட்டைப் பார்த்துக்கொள்பவர் மாதிரி. வருடம் முழுக்க இருப்பார், வயிற்றைப் பார்த்துக்கொள்வார். இரண்டாம் காக்ஸ், பெரும்பாலும் விசேஷத்துக்கு மட்டும் வரும் ஆட்கள் மாதிரி. கல்யாணம் என்றால் பந்தல்காரர், சமையல்காரர், மேளக்காரர் என்று வீடே இரண்டுபடும். அடிபட்டால், கிருமி வந்தால் இவர்கள் கூடிவிடுவார்கள். வலி, சூடு, வீக்கம் எல்லாம் இவர்கள் போடும் சத்தம்.

நாம் சத்தத்தை நிறுத்தச் சொல்லி மாத்திரை போடுகிறோம். சாதாரண என்செய்டு மாத்திரைக்கு ஆள் அடையாளம் சரியாகத் தெரியாது. வாசலை இழுத்துச் சாத்திவிடும். மேளக்காரரும் வெளியே, வீட்டைப் பார்த்துக்கொள்பவரும் வெளியே. வலி நிற்கிறது, நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். வயிற்றில் அன்றைக்குப் பூச வேண்டிய பூச்சு குறைந்துபோகிறது.

ஆஸ்பிரின் 1899இலேயே விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியைத் தடுத்துத்தான் வேலை செய்கிறது என்று ஜான் வேன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் காட்டியது 1971இல். எழுபது வருடத்துக்கு மேல், எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமலே உலகம் விழுங்கிக்கொண்டிருந்தது. வேனும் இரண்டு ஸ்வீடன் ஆய்வாளர்களும் 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

சுருக்கமாக: வலியைத் தூண்டும் செய்தியும் வயிற்றைக் காக்கும் செய்தியும் ஒரே குடும்பம். மாத்திரை இரண்டையும் சேர்த்துக் குறைக்கிறது. பக்கவிளைவு என்று தனியாக ஒன்று வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொள்ளவில்லை. மருந்து வேலை செய்கிற விதத்திலேயே அது இருக்கிறது.

"சாப்பிட்டுத்தானே போட்டேன்"

இப்போது அந்தப் பதிலுக்கு வருவோம். மாத்திரை வயிற்றைத் தாக்குவது இரண்டு வழியில். ஒன்று நேரடி வழி. ஆஸ்பிரின் போன்றவை தாமே லேசான அமிலங்கள். படலத்தின் மேல் உட்கார்ந்து செல்களுக்குள் புகுந்து அரிக்கும். ஒரே ஒரு ஆஸ்பிரினுக்குப் பிறகுகூட, சில மணி நேரத்தில் எண்டோஸ்கோப்பி குழாய் விட்டுப் பார்த்தால் குட்டிச் சிராய்ப்புகள் தெரியலாம். பெரும்பாலும் அவை தாமே ஆறிவிடும். வயிற்றில் சோறு இருந்தால் இந்த நேரடித் தொல்லை, முக்கியமாக எரிச்சலும் குமட்டலும், சிலருக்குக் குறையும். நான் சொன்ன கால்வாசி உண்மை இதுதான்.

இரண்டாவது, ரத்தத்தின் வழி. இதுதான் பெரியது. மாத்திரை குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றி, கொல்லைப்புறம் வழியாக இரைப்பைச் சுவருக்கு வந்து காக்ஸை நிறுத்துகிறது. இதற்கு நீங்கள் இட்லி சாப்பிட்டுப் போட்டீர்களா, பிரியாணி சாப்பிட்டுப் போட்டீர்களா என்பது ஒரு பொருட்டே இல்லை.

"மாத்திரை ஒத்துக்கல, இடுப்புல ஊசியாப் போட்டுக்கறேன்" என்பவர்களுக்கும் இதே பதில்தான். டைக்ளோஃபினாக் ஊசி வயிற்றுக்குள் போவதே இல்லை. ஆனால் ரத்தம் போகிறதே. குடலில் போய்க் கரையும்படி உறை போட்ட மாத்திரைகளும் நேரடி அரிப்பைத்தான் குறைக்கும், புண் வரும் ஆபத்து அப்படியே இருக்கும். ஒரு டம்ளர் பாலைக் குடித்துவிட்டுப் போட்டாலும் அப்படித்தான்.

காரத்தின் மேல் ஏன் பழி?

ஊரின் மானம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்றுதான் போக வேண்டும்.

முதலில் ஒரு சொல். நம் பக்கம் நெஞ்சு கரித்தாலும் அல்சர், ஏப்பம் வந்தாலும் அல்சர், காலைப் பலகாரம் தள்ளிப்போனாலும் அல்சர். உண்மையில் அல்சர் என்றால் இரைப்பையின் அல்லது அதை அடுத்த முன்சிறுகுடலின் உள்சுவரில் ஆழமாகக் குழிந்த புண். எரிச்சல் இருக்கிற எல்லோருக்கும் புண் இருக்காது. புண் இருக்கிற எல்லோருக்கும் எரிச்சலும் இருக்காது.

மிளகும் வரமிளகாயும் சிலருக்கு எரிச்சலைக் கிளப்பும், நெஞ்சு கரிப்பைக் கூட்டும். ஆனால் அவை அல்சரை உண்டாக்குவதில்லை. அல்சருக்குப் பெரிய காரணங்கள் இரண்டு. ஒன்று, நாம் பேசிக்கொண்டிருக்கும் மாத்திரைகள். மற்றது ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி. அமிலத்துக்குள் எந்தக் கிருமியும் குடியிருக்காது என்று மருத்துவ உலகமே நம்பிக்கொண்டிருந்தபோது, பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் 1984இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றில் அழற்சி வருவதைக் காட்டினார். அவருக்கும் ராபின் வாரனுக்கும் 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. கிருமியும் இருந்து, வலி மாத்திரையும் தொடர்ந்து போட்டால் ஆபத்து இன்னும் கூடும்.

ஆகவே கோழி வறுவலை நிறுத்திவிட்டு மாத்திரையை மட்டும் விடாமல் தொடர்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும்.

கேஸ் மாத்திரை கவசமா?

"கேஸ் மாத்திரை" என்ற பெயரிலும் இரண்டு சங்கதி இருக்கிறது. வெள்ளையாகவோ ரோஸ் கலராகவோ பாட்டிலில் வரும் ஆன்டாசிட் மருந்து, ஏற்கெனவே சுரந்த அமிலத்தை முறிக்கும். எரிச்சல் அடங்கும், அவ்வளவுதான். புண் வராமல் தடுக்காது. எரிச்சல் அடங்கியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று மாத்திரையைத் தொடரவைப்பதும் இதுவே.

பாண்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை வேறு. அவை அமிலம் சுரப்பதையே குறைக்கும். பூச்சைப் பார்த்துக்கொள்பவர் திரும்பி வருவதில்லை, ஆனால் மழை குறைகிறது. அதனால் அல்சர் ஆபத்து நிஜமாகவே குறையும், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு மருத்துவர்கள் இதைச் சேர்த்தே எழுதுவதும் அதனால்தான். பொதுவாகச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டும். எல்லா மாத்திரையையும் சோற்றுக்குப் பிறகு ஒரே வாயில் விழுங்குவது நம் வழக்கம், பலன் அங்கேயே குறைந்துபோகலாம். இன்னொன்று, சிறுகுடலின் கீழ்ப்பகுதியிலும் வலி மாத்திரை புண் உண்டாக்கலாம். அங்கே அமிலம் குற்றவாளி இல்லை என்பதால் இந்த மாத்திரையால் அங்கே பயன் இல்லை.

சத்தமில்லாத புண்

என்செய்டு புண்ணில் பயமுறுத்தும் விஷயம், பலருக்கு அது வலிப்பதே இல்லை. போட்டிருப்பதே வலி மாத்திரை அல்லவா! வயதானவர்களில் முதல் அறிகுறியே ரத்தக் கசிவாக இருக்கலாம். அதற்கு மேல், ஆஸ்பிரின் ரத்தத் தட்டணுக்களையும் முடக்கும். தட்டணு என்பது காயத்தில் ரத்தத்தை உறையவைக்கும் நுண்ணிய துணுக்கு. ஆஸ்பிரின் பட்ட தட்டணு, தன் ஆயுள் முடியும் ஏழு முதல் பத்து நாள் வரை வேலைக்கு ஆகாது. புண்ணும் உண்டாக்கி, அடைக்கும் ஆளையும் கட்டிப்போட்டால் கசிவு எப்படி நிற்கும்?

வயிற்றில் கசிந்த ரத்தம் அமிலம் பட்டுக் கறுத்துவிடும். அதனால் மலம் சிவப்பாக இருக்காது, தார் மாதிரி கறுத்து, பிசுபிசுத்து, நாற்றம் வேறு மாதிரி இருக்கும். இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் மலம் கறுக்கும், ஆனால் அதில் தார்ப் பிசுபிசுப்பு இருக்காது. வாந்தி எடுத்தால், டிகாக்‌ஷன் இறக்கிய பிறகு ஃபில்டரில் தங்கும் காப்பித்தூள் போல இருக்கும். இவை இரண்டில் ஒன்றைப் பார்த்தாலும், திடீரென்று கத்தியால் குத்தியது போல வயிற்றுவலி வந்தாலும், மருந்துக் கடைக்கு வராதீர்கள். நேராக ஆஸ்பத்திரி.

மெதுவாகக் கசிந்தால் இதுவும் கண்ணில் படாது. முகம் வெளுக்கும், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், தலை சுற்றும். "வயசாச்சு" என்று விட்டுவிடுவார்கள்.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்?

எப்போதாவது பல்வலிக்கு இரண்டு நாள் போடும் முப்பது வயதுக்காரர் பயந்து நடுங்கத் தேவையில்லை. 65 வயது தாண்டியவர்கள், முன்பே அல்சர் வந்தவர்கள், இதயத்துக்காகத் தினமும் 75 மில்லிகிராம் ஆஸ்பிரின் போடுபவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் போன்ற மருந்து சாப்பிடுபவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், இவர்களுக்குத்தான் கணக்கு மாறுகிறது. இதய ஆஸ்பிரினைப் பற்றி ஒரு வார்த்தை: இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக அதை நிறுத்திவிடாதீர்கள். அது மருத்துவரோடு பேச வேண்டிய பேச்சு.

"செட் மாத்திரை" என்று நாலைந்து மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறதே, அதில் என்ன இருக்கிறது என்பது கடைக்குக் கடை மாறும். சில சமயம் ஒரு வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். ஜோராகக் கேட்கும், ஆனால் வயிற்றுக்கு இதைவிட மோசமான ஜோடி அபூர்வம். அட்டையில்லாத மாத்திரைக்குப் பெயரும் தெரியாது.

அப்போ வலிக்கு என்னதான் செய்வது?

முழங்கால், மணிக்கட்டு போன்ற இடங்களுக்கு டைக்ளோஃபினாக் ஜெல் இருக்கிறது. தோல் வழியாக ரத்தத்துக்குப் போவது மாத்திரையைவிட மிகக் குறைவு. பாராசிட்டமாலை முதலில் முயன்று பார்க்கலாம். அதற்கும் எல்லை உண்டு, பெரியவர்களுக்கு ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டக்கூடாது, குடிப்பவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் அந்த எல்லை இன்னும் கீழே. தாண்டினால் அடி வயிற்றுக்கு இல்லை, ஈரலுக்கு. டெங்கு சந்தேகம் இருக்கும் காய்ச்சலில் பாராசிட்டமால் மட்டும்தான், என்செய்டு பக்கமே போகக்கூடாது.

இரண்டாம் காக்ஸை மட்டும் குறிவைக்கும் மாத்திரைகளும் வந்தன. வயிற்றுக்கு நல்லது என்பது ஓரளவு நிஜம். ஆனால் அவற்றில் புகழ்பெற்ற ரோஃபெகாக்ஸிப், மாரடைப்பு ஆபத்தால் 2004இல் உலகச் சந்தையிலிருந்தே திரும்பப் பெறப்பட்டது. மொத்த என்செய்டு குடும்பத்துக்கும் சிறுநீரகத்தோடும் ஒரு தகராறு உண்டு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து, அந்த இனத்தையே அழிவின் விளிம்புக்குத் தள்ளியது. இந்தியா 2006இல் கால்நடைக்கான டைக்ளோஃபினாக்கைத் தடை செய்தது. அது தனிக் கதை, வயிற்றுக்குத் திரும்புவோம்.

என்செய்டு வேண்டியே இருந்தால், வலி அடங்கும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள். ஒரு நேரத்தில் ஒன்றுதான். இந்தக் கடைசி வார்த்தை சொல்வதற்குச் சுலபம். வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பார்த்தால்தான் சிரமம் தெரியும்.

போன மாதம் ஒரு ஆச்சி வந்தார். முழங்கால் வலி, கூடவே இரண்டு வாரமாக வயிற்று எரிச்சல். வீட்டில் இருக்கிற மாத்திரையை எல்லாம் எடுத்து வாருங்கள் என்றேன். மறுநாள் ஒரு சின்னக் கொட்டானில் போட்டு எடுத்து வந்து கவுண்ட்டரில் கவிழ்த்தார். எலும்பு டாக்டர் எழுதியது ஓர் அட்டை. மகன் சென்னையில் வாங்கிக் கொடுத்தது ஓர் அட்டை. பல்வலிக்கு வாங்கி மிஞ்சியது ஓர் அட்டை. மேலே பெரிய எழுத்தில் மூன்று வேறு பெயர். கீழே பொடி எழுத்தில் இருந்ததைக் கண்ணாடி போட்டு நானே படித்துக் காட்டினேன். மூன்றிலும் அசிக்ளோஃபினாக்.

"என்ன தம்பி, மூணும் ஒண்ணா?"

"பேருதான் வேற ஆச்சி. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணுன்னு ஒரே மருந்தைத்தான் போட்டிருக்கீங்க."

கொஞ்ச நேரம் மூன்று அட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டை என் பக்கம் தள்ளிவிட்டு, மலம் கறுத்துப் போகிறதா என்று நான் கேட்டதற்குத் தலையை ஆட்டி இல்லை என்றார். மிச்சமிருந்த அட்டையையும் பழைய சீட்டையும் கொட்டானில் போட்டுக்கொண்டு, "இதை அந்த டாக்டர்கிட்டயே காட்டிட்டு வந்துர்றேன்" என்று வெயிலில் இறங்கினார்.